அனலைதீவுக்குப் போன படகு

பலெர்மோ, இத்தாலி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜோசுவாவின் அப்பாவுக்கு,

மாதாவின் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். கடலில் நனைந்ததால் வந்த தடிமனும் இருமலும் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாறிவிட்டதா?

செபம் நடத்தப் பிள்ளைகளோடு அனலைதீவுக்குப் புறப்பட்ட உங்கள் படகு இரண்டு நாளாகப் போய்ச் சேரவில்லை என்று மாமி சொன்ன பிறகும் நான் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். வீட்டுக்காரச் சினியோராவின் கோப்பியில் உப்புப் போட்டது ஒருமுறை மட்டும்.

நேற்று பல்லரோ சந்தையில் மீன் வாங்கும்போது அழைப்பு வந்தது. ஜோசுவாதான் முதலில் கதைத்தான். "அம்மா, எஞ்சின் நிண்டுபோச்சு. அப்பா பாயை விரிச்சு ஒரு மணல்திட்டிலை ஒதுக்கினவர். நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தனாங்கள்." நான் மீன்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மீன்காரர் பதறிப்போய், யார் செத்தது என்று கேட்டார்.

"ஒருத்தரும் சாகேல்லை, எல்லாரும் இருக்கினம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

தீவுகளுக்குப் போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்தச் சனத்துக்கு உங்களை விட்டால் வேறு ஆளில்லை. ஆனால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இங்கே வாங்கி அனுப்புகிறேன். ஜோசுவாவையும் அமலினியையும் தலையிலிருந்து கால்வரை நூலால் அளந்து, அந்த நூல்களைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். இலக்கமாக எழுத வேண்டாம், நூலே வரட்டும்.

சினியோரா கூப்பிடுகிறார்.

உங்கள்
அகஸ்ரீனா