வாறன் என்றால் எத்தனை மணிக்கு?

இன்று காலை அச்சுவேலியிலிருந்து வந்த மினிபஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு ஒருவர் வந்தார். உரப்பையில் சுற்றிய தண்ணீர் மோட்டர் ஒன்றை மடியில் வைத்திருந்தார். "ரீச்சர், கொஞ்சம் தள்ளி இருங்கோ, சீலையிலை எண்ணெய் பட்டிடும்" என்றார். நான் தள்ளி இருக்கவில்லை. கருகிய கம்பிச் சுருளின் மணம் அந்தப் பையிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. வார்னிஷும் சூடும் கலந்த, நாக்கில் கசக்கிற மணம். எத்தனை முறை தோய்த்தாலும் உங்கள் சேர்ட்டை விட்டுப் போகாத அந்த மணம்தான்.

இறங்கவேண்டிய சந்தி கடந்துபோனது. அடுத்த சந்தியில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை மூட்டினேன், அணைத்தேன். கதிரையில் இருந்தேன், எழும்பினேன். கடைசியில் இந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு உங்களோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

நான் உங்களைக் கட்டிய நாளிலிருந்து உங்களுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். பகலில் அரசாங்கக் கந்தோரில் கோப்புகளுக்கு நடுவே இருப்பவர் ஒருவர். பின்னேரம் அந்தச் சேர்ட்டை ஆணியில் கொழுவிவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு பின்வளவுக் கொட்டிலுக்குள் புகுந்துகொள்பவர் மற்றவர். மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்கத் தொடங்கியபோது உங்கள் கை கம்பியில் பழகியது. மின்சாரம் வந்து கிணற்றுக்குக் கிணறு மோட்டர் பூட்டிய பிறகு அந்தக் கைக்கு வேலை குறையவேயில்லை. வேலை என்று அதை எவரும் சொல்லவில்லை என்பது வேறு கதை. உதவி என்றார்கள்.

"ரீச்சர், சேர் நிக்கிறாரோ? மோட்டர் நிண்டுபோச்சு. ஒருக்கா வந்து பாத்துவிடச் சொல்லுங்கோ."

படலையில் நின்று இப்படிக் கேட்பார்கள். கொட்டிலுக்குள் இருந்து உங்கள் குரல் வரும்: "ஓம், வாறன்."

பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை நிகழ்காலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உங்கள் வாயில் அது எந்தக் காலத்திலும் அடங்காது. இன்று பின்னேரமாக இருக்கலாம், சனிக்கிழமையாக இருக்கலாம், கோயில் திருவிழா முடிந்த பிறகாகவும் இருக்கலாம். ஆனாலும் எவரும் குறைசொல்லவில்லை. உதவிக்கு வருகிறவரிடம் நேரம் கேட்பது நம்மவர்களுக்கு மரியாதையில்லை. கந்தோர் விட்டு, களைத்து, சைக்கிளில் வருகிற மனிதர் வந்ததே பெரிது என்று கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழமோ நாலு கத்தரிக்காயோ உங்கள் சைக்கிளில் தொங்கும்.

நீர்வேலித் தோட்டக்காரர் ஒருவரின் மோட்டர் நின்ற அந்தக் கடும் வெயில் மாதம் வரை எல்லாம் அப்படித்தான் ஓடியது.

அவர் ஒரு திங்கட்கிழமை வந்து சொன்னார். நீங்கள் வழக்கம்போல "வாறன்" என்றீர்கள். கந்தோரில் கணக்குப் பரிசோதனை நடந்த கிழமை அது. உங்கள் மனதில் இருந்தது சனிக்கிழமை. அவர் காதில் விழுந்தது அன்று பின்னேரம். சனிக்கிழமை காலை கருவிப் பையோடு போனீர்கள். மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்தீர்கள். பை கட்டியபடியே இருந்தது.

"என்னப்பா, திருத்தியாச்சோ?"

"வேறை ஆளைப் பிடிச்சு நேற்றுத் திருத்தியாச்சாம். அதுக்கிடையிலை புதுசா நட்ட வாழைக்குட்டி முழுக்கக் கருகிப்போச்சு" என்றீர்கள். "பக்கத்துத் தோட்டக்காரன் தன்ரை மிசினைத் தாறன் எண்டவனாம். இந்தாள்தான் வேண்டாம் எண்டிருக்குது. அவர் வாறன் எண்டு சொன்னவர், வருவார் எண்டு."

"பேசினவரோ?"

"பேசேல்லை. கதிரை கொண்டந்து போட்டுது."

திட்டிப் பேசியிருந்தால் நீங்கள் ஆறியிருப்பீர்கள். அந்தக் கதிரைதான் உங்களைப் படுத்தியது. அன்று முழுக்கக் கொட்டிலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தீர்கள். எடுத்த சுத்தியலை வைத்தீர்கள், வைத்ததை எடுத்தீர்கள். அடுத்தநாள் மத்தியானம் சோற்றில் குழம்பை வார்த்தபடி சொன்னீர்கள்:

"நான் கந்தோரை விடப்போறன்."

"எந்தக் கந்தோரை?" என்று கேட்டேன். உங்களுக்கு வேறு கந்தோர் ஏதோ இருப்பதுபோல.

"எனக்கு ஒரு கந்தோர்தானே இருக்கு."

"இஞ்சாருங்கோ, இன்னும் கொஞ்ச வருசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தா பென்சனோடை வரலாம். பிறகு முழுநாளும் கொட்டிலுக்கை இருங்கோ, ஆர் வேண்டாமெண்டது?"

"அதுவரைக்கும் ஆற்றை தோட்டத்தைக் காயவிடுறது? நீர் சொல்லும்."

"அப்ப மோட்டர் வேலையை விடுங்கோ. ஏலாது எண்டு சொல்லிவிடுங்கோ."

"அது ஏலாது" என்றீர்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு என் உதாரணத்தையே எடுத்து என்மேல் எறிந்தீர்கள். ஆசிரியர் பற்றாக்குறையால் நான் ஒரு வருடம் ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் ஒன்றாகப் பார்த்தேன். நடுக்கதவில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு. ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கம் சந்தைபோல இரையும். "நீர்தானே சொன்னனீர், இரண்டு வகுப்பும் கெட்டுப்போச்செண்டு. நான் இப்ப உந்தக் கதவிலைதான் நிக்கிறன்" என்றீர்கள். வாத்தியார் பெண்ணின் உதாரணம் அவளுக்கே எதிராக வந்து நின்றால் அவள் என்ன செய்வாள்? ஆனாலும் பென்சனைப் பற்றி நான் சொன்னது பிழையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நமக்குக் கல்யாணத்துக்கு இருந்த மகள் ஒருத்தி. மழையோ வெயிலோ மாதம் பிறந்தால் வருகிற சம்பளம்தான் அந்த வீட்டின் கூரை.

செய்தி கேட்டு என் அண்ணை ஓடிவந்தார்.

"மச்சான், உமக்கு விசரே? மாப்பிளை வீட்டுக்காரர் தேப்பன் என்ன உத்தியோகமெண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுறது? கிணத்தடியிலை நிக்கிறார் எண்டோ?"

"தண்ணி குடிக்கிற ஆக்களெண்டால் விளங்கிக்கொள்ளுவினம்" என்றீர்கள். அண்ணை தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

கந்தோரை விட்டீர்கள். மோட்டர் திருத்தப்படும் என்று எழுதிப் படலையில் பலகை ஒன்றைக் கட்டினீர்கள். அதன் பிறகு நடந்ததை நாம் இருவருமே எதிர்பார்க்கவில்லை: எவரும் வரவில்லை. ஓய்வு நேரத்தில் செய்தபோது இடம்போதாமல் மோட்டர்கள் கிடந்த கொட்டில், முழுநேரமாக்கியதும் வெறுமையானது. பஸ் தரிப்பில் ஒரு பெண் என்னிடம் காரணம் சொன்னாள். "முந்தியெண்டால் உரிமையோடை கேக்கலாம் ரீச்சர். இப்ப அவருக்கு அது பிழைப்பெல்லே. எப்பிடிப் போய் ஒருக்காப் பாருங்கோ எண்டு கேக்கிறது?" இன்னொரு கதையும் உலாவியது, கந்தோரில் ஏதோ பிரச்சினையாம், நிப்பாட்டிப்போட்டாங்களாம் என்று. அதை உங்கள் காதில் போடாமல் வைத்திருந்தேன். நீங்களும் அதையே கேள்விப்பட்டு என்னிடமிருந்து மறைத்திருக்கிறீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த நாட்களில் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே சோக்கட்டி கையில் நின்றுவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒழுங்கை முடக்கில் நின்று காதைத் தீட்டுவேன். சுத்தியல் சத்தம் கேட்காது. நீங்கள் ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்களைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். என்னைக் கண்டதும் அவசரமாக எதையோ முறுக்குவீர்கள்.

ஒரு பின்னேரம் நீர்வேலிக்காரர் வந்தார். படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினார், எஞ்சினை அணைக்கவில்லை. திரும்பவும் அதே மோட்டர்.

"எத்தினை மணிக்கு வருவீங்கள்?" என்றார்.

அதுவரை உங்களிடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது. பக்கத்தில் நின்ற நான் உங்கள் உதட்டைப் பார்த்தேன். 'வா' என்று அது குவிந்துவிட்டது. விழுங்கினீர்கள்.

"நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு."

"ஏழெண்டால் ஏழோ?"

"ஏழுக்கு நான் வராட்டி நீங்கள் வேறை ஆளைக் கூப்பிடுங்கோ."

அவர் எஞ்சினை அணைத்தார். படலையைத் திறந்து உள்ளே வந்தார்.

மறுநாள் விடியவே புறப்பட்டுவிட்டீர்கள். வெகுநேரம் முந்திப் போய், தோட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் காத்து நின்றதைத் திரும்பி வந்து சொன்னீர்கள். "முந்திப் போனாலும் பிழைதான். அந்தாள் பல்லுத் தீட்டி முடிக்கவேணுமெல்லே" என்றீர்கள். அன்றுதான், பல கிழமைகளுக்குப் பிறகு, நீங்கள் இரண்டாம் முறை சோறு கேட்டீர்கள்.

அதன்பின் ஆட்கள் வந்தார்கள். வருகிறவர்களுக்கு நாளும் மணியும் சொன்னீர்கள், சொன்ன நேரத்துக்குப் போனீர்கள். உரிமையோடு உதவி கேட்கத் தயங்கியவர்கள் மணியைக் கேட்கத் தயங்கவில்லை. பழைய வான் வண்டி ஒன்றை வாங்கினீர்கள்; வல்வெட்டித்துறையிலிருந்து அளவெட்டிவரை அது ஓடியது. வேலைக்கு இரண்டு பேரைச் சேர்த்தீர்கள். "திறமை பிறகு வரும். முதலிலை நேரத்தைச் சொல்லப் பழகுங்கோ" என்பதுதான் அவர்களுக்கு நீங்கள் நடத்திய முதல் பாடம். அண்ணைகூட ஒருநாள் வந்து தலையைச் சொறிந்தார். "மச்சான், என்ரை மோட்டரையும் ஒருக்கா…" "வியாழக்கிழமை மூண்டு மணி. அதுக்கு முந்தி ஏலாது, கிணத்தடியிலை நிக்கிறன்" என்றீர்கள்.

வீட்டிலும் அந்த வெறும் சொல்லை விட்டுவிட்டீர்கள். கடைக்குப் போனால் "பத்தரைக்கு வாறன்." கோயிலுக்குப் போனால் "ஆறரைக்கு வாறன்." "கோயிலுக்குப் போறியளோ, பிளேன் ஏறப் போறியளோ?" என்று பகிடி பண்ணுவேன். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து வாசலைப் பார்த்துப் பார்த்தே பழகிய என் நெஞ்சு, அந்த வருடங்களில்தான் ஓர் இடத்தில் இருந்தது. மணி தெரிந்தால் மனிதர் வேறு வேலை பார்க்கலாம்.

பிறகு அந்த ஆஸ்பத்திரி. நெஞ்சைத் திறந்து செய்கிற சத்திரசிகிச்சை. காலை வெளிச்சம் நடையில் விழுந்திருந்தது. தள்ளுவண்டியில் படுத்திருந்தீர்கள். என் விரலைப் பிடித்திருந்தீர்கள். வழக்கம்போல ஒரு மணியைச் சொல்வீர்கள் என்று குனிந்தேன்.

"வாறன்" என்றீர்கள். அவ்வளவுதான்.

எத்தனை மணிக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. "அம்மா, கொஞ்சம் விலத்துங்கோ" என்று வண்டியைத் தள்ளியவர் சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

கொட்டில் இன்றும் ஓடுகிறது. அந்த இருவரும் மணி தப்பாமல் போய்வருகிறார்கள். எனக்குத்தான் எதிலும் மணி இல்லை. நீங்கள் ஒரு நேரம் சொல்லியிருந்தால், அந்த நேரம் கடந்ததும் எழும்பி என் அலுவலைப் பார்த்திருப்பேன். நீங்கள் விட்டுப் போனதோ பழைய சொல். இன்று பின்னேரமாக இருக்கலாம், சனிக்கிழமையாக இருக்கலாம். அதனால்தான் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் எழும்பி வாசல்வரை போய் வருகிறேன். என்ன அம்மம்மா என்று கேட்கிறது. ஒன்றுமில்லை என்கிறேன்.

நம் ஊரில் செத்தவீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் 'வாறன்' என்று சொல்வதில்லை. உங்களுக்காக வந்த அத்தனை பேரும், நீர்வேலிக்காரர் உட்பட, அன்று ஒன்றும் சொல்லாமல்தான் எழும்பிப் போனார்கள். சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள் ஒருவர்தான்.