வெட்டு இல்லாத தாயம்

தொம்மலூர், பெங்களூர்
16.7.2002

சௌபாக்யவதி அதிதிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பகவான் புண்ணியத்தில் சௌக்கியம், எனக்கு மனசு மட்டும் சௌக்கியமில்லை, அது கீழே வரும். நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. ஈ-மெயில் பண்ணுங்கோ, கடிதம் வந்து சேர யுகமாகிறது என்கிறாய். பிரௌசிங் சென்டரில் நான் ஒரு விரலால் தட்டி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவன் முழுக்கப் படித்துவிடுகிறான். போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். இது அவளைப் பற்றிய சமாசாரம்.

நம் தெருக்கோடி வீட்டுக் கிளாரன்ஸை உனக்கு ஞாபகமிருக்கும், டிராயிங் ஆபீஸில் இருந்தாரே. ரிடையரானதும் மனிதர் பழைய ஆட்டங்களையெல்லாம் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலைக் கேட்டு வாங்கி, பழைய பெட்ஷீட்டுகளில் பெயின்ட்டால் தாயக்கட்டம், ஆடுபுலி, பரமபதம் எல்லாம் வரைந்து தரையில் விரித்துவிடுகிறார். ஒரு கோடுகூடக் கோணலில்லை, நான் தேடிப் பார்த்தேன். சாப்ட்வேர் கம்பெனிப் பிள்ளைகள், கன்னடக்காரர்கள், அவர்களுடைய மாமியார்கள் என்று ஏகக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு உன் அம்மா அனந்தலக்ஷ்மிதான் மகாராணி.

நான் ரிடையரானதிலிருந்து சாப்பிட்டதும் நாங்கள் இருவரும் தாயம் ஆடுவது உனக்குத் தெரிந்ததுதான். முறைப்படி வெளிக்கட்டத்தைச் சுற்றி வந்து, எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம், அப்புறம்தான் நடுவில் பழம். வீட்டில் இரண்டே பேர், ஒருவர் காயை ஒருவர் வெட்டி எதற்கு மனஸ்தாபம் என்று நான் அந்த வெட்டை எடுத்துவிட்டேன். அவளும் சரியென்றாள். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன், அவள் ஒரு கையால் சோழியை உருட்டிக்கொண்டே மறு கையால் கொத்தவரங்காயை ஆய்ந்துகொண்டிருப்பாள். பாந்தமாக ஆடுகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது, குடை கொடுக்கப் போனேன். உள்ளே பார்த்தால் உன் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சோழியை ஊதி ஊதிப் போடுகிறாள். சுற்றி நின்றவர்கள் “ஹொடீரி ஆண்ட்டி, ஹொடீரி!” என்று கன்னடத்தில் அடிக்கச் சொல்லிக் கத்துகிறார்கள். பழத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் நின்ற கிளாரன்ஸின் காயை ஒரே தட்டாகத் தட்டி வெளியே தள்ளினாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, “மேடம், கருணையே கெடையாதா உங்களுக்கு?” என்கிறார். இவள், “ஆட்டத்துல என்ன கருணை? காயை எடுங்கோ!” என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பை என் எதிரில் அவள் சிரித்ததே இல்லை. கிளாரன்ஸ் மேல் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, கௌரவமான மனிதர். ஆனாலும் இந்த வயதில் ஒருத்தரைப் பார்த்து இவ்வளவு பொறாமைப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை. அவள் கையால் வெட்டுப்படுகிற பாக்கியம் அவருக்கு, கொத்தவரங்காய் எனக்கா?

அதனால் நேற்று முன்தினம் நானே ஆடுவதற்குப் போய் உட்கார்ந்தேன். உன் அம்மா, கிளாரன்ஸ், சேலத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தாரணி என்ற பெண், நான். சோழி என் பக்கம்தான் விழுந்தது, குடுகுடுவென்று சுற்றி வந்து வீட்டுப் பழக்கத்தில் காயை உள்கட்டத்தில் வைத்துவிட்டேன். தாரணி மெதுவாக, “சார், நீங்க இன்னும் யாரையும் வெட்டலையே, உள்ள போக முடியாதே” என்றாள். ஹாலே சிரித்தது. காயை எடுத்து மறுபடி வெளியே சுற்ற விட்டேன். எல்லோரும் உள்ளே போகிறார்கள், நான் மட்டும் செக்குமாடு. அப்போது உன் அம்மா ஒரு காரியம் செய்தாள். பக்கத்திலேயே வெட்ட முடியாத மலைக்கட்டம் இருந்தும் அதில் நிற்காமல், வேறொரு காயை நகர்த்தி என் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு விழுந்ததும் மூன்று. வெட்டுங்கள் என்று எல்லோரும் கூவினார்கள். நான் வேறு காயை நகர்த்தினேன்.

திரும்பி வரும்போது கேட்டுவிட்டேன், கிளாரன்ஸை அந்த வெட்டு வெட்டுகிறாயே, எனக்கு மட்டும் ஏன் பிச்சை போடுகிறாய் என்று. “அவர் தோத்தா காபியைக் குடிச்சுட்டு இன்னொரு ஆட்டம் கேப்பார். நீங்க தோத்தா மோர் சாதம்கூட வேண்டாம்னு திரும்பிப் படுத்துப்பேள். யாருக்கு வேணும் அந்தத் தொல்லை?” என்றாள். அபாண்டம், அதிதி. எப்போதோ ஒரு நாள் எனக்கு நிஜமாகவே பசியில்லை.

நேற்று சாப்பிட்டானதும் நானே கட்டத்தை வரைந்தேன். இனிமேல் வெட்டு உண்டு என்றேன். உன் அம்மா கையிலிருந்த கொத்தவரங்காயைத் தட்டில் போட்டாள். “சரி. ஆனா தோத்தா நீங்களே உங்க கையால அதிதிக்கு எழுதணும், சமாளிக்காம” என்றாள். காய் ஆய்கிற தட்டை எடுத்துக்கொண்டு போய் சமையலறையில் வைத்துவிட்டு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் போடுகிற ஒவ்வொரு சோழியையும் உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்து ஆடியதில்லை.

ஆகவே எழுதுகிறேன். உன் அம்மா ஜெயித்தாள். நான் ஒரு காயைக்கூட உள்ளே கொண்டுபோகவில்லை, ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினாள், சிரித்தாள். இன்றைக்கும் ஆடப்போகிறோம்.

மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல். நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, மனம் கோணாமல் இருக்க வேண்டும். வெந்தயப் பொடியும் நார்த்தங்காயும் உங்கள் பக்கத்து வீட்டு வனஜா இங்கே ஊருக்கு வந்து திரும்பும்போது கொண்டுவந்து தருவாள், வாங்கிக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே. அம்மா தாயம் எப்படி ஆடுகிறாள் என்று தெரிய வேண்டுமானால் கிளாரன்ஸைக் கேட்காதே, என்னைக் கேள்.

உன் பிரியமுள்ள அப்பா,
ஸ்ரீகண்டன்