மயில்கழுத்து நீலச் சுவர்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
தாராவி, மும்பை.
ஆடிச் செவ்வாய்.

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் கைகால் சுகத்துடன் இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது. உன் சுகத்துக்கு முப்பிடாதி அம்மனைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். மால்டாவில் வெயில் கொளுத்துகிறது என்றாயே, தண்ணீர் நிறையக் குடி, அந்த முதியோர் இல்லத்துப் பெரியவர்களைத் தனியாகத் தூக்காதே, கூட ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள், இடுப்பு போனால் திரும்பி வராது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைக் காட்டுவார், நானும் பாதியில் அழுதுவிடுவேன், நீ அங்கே என்னவோ ஏதோ என்று தவிப்பாய். எதிர்வீட்டு ருக்குவின் தம்பிக்கு உன் ஊரில்தான் வேலை கிடைத்திருக்கிறது, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ ஏழாவது வரைதான் தமிழ் படித்தாய், அதனால் குண்டு குண்டாக எழுதியிருக்கிறேன், அவசரப்படாமல் எழுத்துக் கூட்டிப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வழக்கம்போல, அம்மா என் சுவரைக் காட்டு என்று கேட்டாய். அப்பா நெட்வொர்க் இல்லை என்று சொல்லிப் போனை மடியில் கவிழ்த்துவிட்டார். நெட்வொர்க்குக்கு ஒரு குறையும் இல்லை. சுவர்தான் இல்லை கோகிலா. நீ நீலம் அடித்த அந்தச் சுவரைப் பாதிக்கு மேல் இறக்கியாகிவிட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, மறுபடியும் சொல்கிறேன், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருக்கும். 

நீ சித்திரையில் லீவுக்கு வந்தபோது, வெள்ளைச் சுவரைப் பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, டிவிக்குப் பின்னால் ஒரு சுவரையாவது கண்ணைப் பறிக்கிற மாதிரி செய்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய். போனில் பார்த்துப் பார்த்துப் பழைய பூச்சை எல்லாம் சுத்தியலால் கொத்திவிட்டாய், கொத்தினால்தான் பட்டி மாவு பிடிக்கும் என்றாய். பட்டியைக் கனமாக அப்பி, பிளாஸ்டிக் பையைக் கசக்கி ஒற்றி, புதுத் துடைப்பத்தால் மேலிருந்து கீழே இழுத்து வரி போட்டாய். மயில்கழுத்து நீலம் அடித்து, அது காய்ந்ததும் மேடான இடத்தில் மட்டும் செம்பு நிறத்தைத் துணியால் தேய்த்தாய். முதலில் எனக்குப் பகீர் என்றது, வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்து விட்டாளே என்று. பிறகு பிடித்துப்போயிற்று. அப்பாவைக் கேட்கவே வேண்டாம். தன்னோடு தோல் பட்டறையில் வேலை பார்க்கிற ஆட்களைக் கூட்டிவந்து, லைட்டை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, வரிகளின் நிழல் விழுவதைக் காட்டுவார். நம் சந்திலேயே இப்படி ஒரு சுவர் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அது நம் சுவர் மட்டும் இல்லை, அதற்கு அந்தப் பக்கம் நஸீராவின் வீடு. நீ கொத்தும்போது அவள் அலமாரியில் பாத்திரம் குதிக்கிறது என்று சிரித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் மருமகள் நுஸ்ரத் அப்போது நிறைமாசம், தாய் இல்லாத பெண், பிரசவம் இங்கேதான் நடந்தது. பிள்ளையின் போட்டோவைத்தான் உனக்கு அனுப்பினேனே.

மழை பிடித்துக்கொண்ட பிறகு காலையில் டிவி மேல் தூசி இருக்க ஆரம்பித்தது. நீல நிறமாக இருந்தால் பெயிண்ட் உதிர்கிறது என்று விட்டிருப்பேன். அது சிவப்பாக இருந்தது, செங்கல் பொடி. எங்கிருந்து உதிர்கிறது என்று சுவரை உற்று உற்றுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைச் சுவரில் விரிசல் விழுந்தால் மயிர் அளவு என்றாலும் காட்டிக்கொடுத்துவிடும். உன் சுவரில் எங்கே பார்த்தாலும் வரி, எங்கே பார்த்தாலும் மேடு பள்ளம், இருட்டான நிறம் வேறு. எது நீ போட்டது, எது தானாக விழுந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் ஈரத் துணியால் துடைத்தபோது துணியின் நூல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. விரலை வைத்துப் பார்த்தேன், நகம் உள்ளே போயிற்று. அந்தக் கோடு மேலிருந்து கீழே வராமல் குறுக்கே ஓடியது. அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொன்னால் மனுஷன் உடைந்துபோவார் என்று பொடியை அவர் எழுந்திருக்கும் முன்னால் துடைத்துவிடுவேன். நஸீராவிடம் சொன்னால், உன் மகள் கொத்தித்தான் என் வீட்டுச் சுவர் போயிற்று என்று ஒரு வார்த்தை வந்துவிடுமோ, இத்தனை வருஷப் பழக்கம் என்ன ஆகும் என்று பயம். வெளியே தெரிந்தால் ஆபத்தான வீடு என்று நோட்டீஸ் ஒட்டி, இந்த மழையில் சாமானோடு தெருவில் நிறுத்திவிடுவார்களோ என்று அது ஒரு பயம். பிறகு ஒரு நாள் அப்பாவின் நகக்கண்ணில் நீலம் இருப்பதைப் பார்த்தேன். நீ மிச்சம் வைத்துப் போன டப்பாவைத் திறந்து, நான் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில் விரிசலில் பெயிண்டைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, "ஏளா, பிள்ளட்ட மட்டும் சொல்லிராத" என்றார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கு ஒருவர் திருட்டுத்தனம் செய்திருக்கிறோம், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போதும் சுவர் கட்டுகிற மிஸ்திரியைக் கூப்பிட மனம் துணியவில்லை, மழை குறையட்டும் என்று தள்ளிப்போட்டோம். போன புதன்கிழமை பகலில் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. எப்போதும் கேட்கிற அழுகைதான், ஆனால் அன்றைக்கு நம் வீட்டுக்குள்ளேயே அழுகிற மாதிரி கேட்டது. பிறகு நுஸ்ரத் தொட்டிலை ஆட்டினாள் போல, கிரீச் கிரீச் என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு கிரீச்சுக்கும் டிவி மேல் பொடி விழுந்தது. சத்தம் நின்றால் பொடியும் நின்றது. நஸீரா வீட்டு மாடித் தளத்தைத் தாங்குகிற இரும்பு ஆங்கிள் இருக்கிறதே, அதன் ஒரு முனை இந்தச் சுவருக்குள்தான் செருகியிருக்கிறது. தொட்டில் சேலையை அதில்தான் கட்டியிருந்தார்கள். சுவர் விட்டுக்கொடுத்தால் ஆங்கிள் இறங்கும், மேலே இருக்கிற தளம் அப்படியே தொட்டில் மேல் வரும். முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன், செருப்புக்கூடப் போடவில்லை. நுஸ்ரத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து அள்ளிக்கொண்டு சந்துக்கு வந்துவிட்டேன். அவள் மிரண்டுபோய் மாமியைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். பிள்ளைத் தலையில் மழைத்துளி விழுகிறது, நான் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு நிற்கிறேன்.

நஸீரா என் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் தொங்கிய பெரிய காலண்டரைக் கழற்றினாள். அவர்கள் பக்கம் வெள்ளைச் சுவர். ஆங்கிள் முனையிலிருந்து கிளம்பி என் விரல் நுழைகிற அகலத்துக்கு விரிசல் இறங்கியிருந்தது. மழை பிடித்ததிலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். "அக்கா, வாணி ஆசையா இழைச்ச செவுருல்லா, சொன்னா இடிக்கணும்பிய, அந்தப் பிள்ள மனசு கோணிரப்புடாதுன்னுதான் வாயத் தொறக்கல" என்றாள். நான் அவளுக்குப் பயந்து மறைத்தேன், அவள் உனக்காக மறைத்தாள், நடுவில் அந்தப் பச்சைப்பிள்ளை தொட்டிலில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

ஆண்டாப் ஹில்லிலிருந்து மிஸ்திரி சாய்நாத் அன்றைக்கே வந்தான். இரும்பு முட்டு நிறுத்தி ஆங்கிளைத் தாங்கிக்கொண்டு, சுவரை மேலிருந்து இறக்கினான். செங்கல் கையில் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. கீழே சாக்கடைத் தண்ணீர் பல வருஷமாக ஊறியிருக்கிறதாம், ஆங்கிளுக்கு அடியில் ஒரு கல்கூடப் போடாமல் அந்தக் காலத்தில் செருகியிருக்கிறார்களாம், மேலே கொத்தினதில் கட்டு தளர்ந்துவிட்டதாம், கனமான பட்டியும் பெயிண்டும் ஈரத்தை வெளியே விடாமல் மூடிவிட்டதாம். உன் சுத்தியல் காரணமே இல்லை என்று நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு காரணம்தான், அது மட்டுமே காரணம் இல்லை என்பதும் உண்மை. யார் இந்தச் சுவரைக் கொத்தினது என்று சாய்நாத் கோபமாக இந்தியில் கேட்டான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அப்பா முன்னால் போய், "மைனே கியா", நான்தான் கொத்தினேன் என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். உன் அப்பாவைத் தெரியுமே, பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்தால்கூட இறங்கி வந்து புலம்புகிறவர்.

இப்போது முட்டுகள் மேல்தான் இரண்டு வீடும் நிற்கின்றன. இடுப்பளவு சுவர் மிச்சம், அதற்கு மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. நஸீராவும் நுஸ்ரத்தும் பிள்ளையும் நம் வீட்டு வாசல் பக்கமாகப் படுக்கிறார்கள். நஸீராவின் மகன் ஷாகிர் மாஹிமில் வேலை செய்கிற கடையிலேயே தங்கிக்கொள்கிறான். மழை விட்டுத்தான் புதுச் சுவர் எழுப்ப முடியும் என்கிறான் சாய்நாத். ரயில் போனால் முட்டு அசைகிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறேன், அசையவில்லை என்று தெரிந்தும் அடுத்த ரயிலுக்கு மறுபடியும் வைக்கிறேன். முன்பு பிள்ளை அழுதால் பயந்தேன், இப்போது அழுகை கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லாவிட்டால் கை வேலையைப் போட்டுவிட்டுப் போய் அதன் மூக்குக்கு நேராக விரலை வைத்துப் பார்க்கிறேன். நுஸ்ரத் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை போய்விட்டு வந்தேன்.

நீ இதற்காக லீவு போட்டு ஓடிவராதே, வந்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்பாவிடம் நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே, அவர் சொல்லும்போது புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். நஸீராவுக்குப் போன் பண்ணி இரண்டு வார்த்தை பேசு, மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பிக்காதே, அவள் வருத்தப்படுவாள், பிள்ளையைப் பற்றிக் கேள், அது போதும். இனிமேல் நிறமே வேண்டாம் என்று நினைத்துவிடாதே. அந்த நீலத்தைப் பெயர்த்துக் கூடையில் அள்ளிக்கொண்டு போனபோது எனக்கும் வயிறு எரிந்தது. எங்கே இருந்தாலும் அம்மன் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாள், நல்ல சோறும் நல்ல தூக்கமும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே உன் வாடகை அறையிலும் ஒரு சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடிக்கப் போகிறேன் என்றாய். அடி, உன் கைக்கு அது அழகாகத்தான் வரும். ஆனால் சுத்தியலை எடுக்கும் முன்னால், அந்தப் பக்கத்துக் கதவைத் தட்டி, அந்தச் சுவரோரம் யார் தலை வைத்துப் படுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வா.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
வா. செண்பகவல்லி