கர்ணம் எழுதிய மோட்டார்

14-9-1964, காலை பத்தேகால் மணி. சென்னை மனநோய் ஆஸ்பத்திரி ஜன்னலில் எனக்கு முன்னால் முப்பத்தேழு பேர் நின்றார்கள்; என் முறை முடிந்து இதை எழுதுகிறேன்.

நைனாவுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம். நான் சுகம். அம்மாவுக்கு இருமல் குறைந்ததா?

தம்பி கனகராஜுக்கு இலவச வார்டு கிடைக்கவில்லை. பதற வேண்டாம். ஏழை என்று ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் எழுதித் தந்தால்தான் சர்க்கார் செலவு ஏற்குமாம். குமாஸ்தா நம் சான்றைப் படித்துவிட்டு, "கரண்ட் மோட்டார் கீதுன்னு எழுதிக்கீதேப்பா. துட்டு கட்ற வார்டுக்குப் போ" என்றார்.

அந்த மோட்டார் மூன்று வருஷமாகச் சாக்குக்குள் கிடக்கிறது. கிணற்றுக்கு இன்னும் கரண்ட் கொடுக்காததும் இதே சர்க்கார்தான். நாம் லஞ்சமாக மல்லாட்டைக் கடலை மூட்டை தராத கோபத்தைக் கர்ணம் கோதண்டராமன் தம்பிமேல் தீர்த்துவிட்டான். விடமாட்டேன்.

மெஸ் சோறு இறங்கவில்லை, எள்ளுப்பொடி அனுப்புங்கள். தம்பியை வீட்டில் கட்டிவைத்திருக்கும் கயிறு காலை அறுக்காமல் பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. உங்கள் மகன் சொக்கலிங்கம் செய்யப்போவது:

1. சனிக்கிழமை செஞ்சிக்கு வருவேன்.
2. மோட்டாரை வண்டியில் ஏற்றி, கடைத்தெருவில் கர்ணம் வீட்டு வாசலில் இறக்குவேன்.
3. நாலு பேர் பார்க்க, "ஓட்டிக் காட்டுய்யா" என்பேன்.
4. வேறு சான்று எழுதும்வரை நானும் தம்பியும் அங்கேயே உட்காருவோம். தம்பி கத்தினால் அடக்கமாட்டேன்.