கூடுதலாக இருந்த ஒரு வருஷம்

சுந்தர வரதர் துணை

உத்திரமேரூர்
14-8-83

அன்பு மகன் சுகுமாருக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் சுகம், சினையாக இருந்த மாடு கன்று போட்டு அதுவும் சுகம். பம்பாய் மழையில் உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று இரண்டு வரி எழுது. இங்கே ஏரியில் தண்ணீர் இல்லை, கிணற்றை நம்பிக் கேழ்வரகு போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வைத்தியரிடம் போ என்றால் கேட்பதில்லை, உன்னைப் போலத்தான்.

நீ கதை எழுதிய படம் நம்மூர் டூரிங் கொட்டகையில் நாலு நாள் ஓடியது. உன் பெயர் திரையில் வந்தபோது அம்மா பக்கத்திலிருந்த மங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சீர்திருத்தப் பள்ளியில் வார்டன் அந்தப் பையனின் நோட்டைக் கிழித்தபோது அழுதாள். பெற்ற அப்பனே கோர்ட்டில் நின்று, இவன் எனக்கு அடங்கவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற இடத்தில் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது வீராசாமி, இன்னா தாண்டவராயா, படத்துல வர்ற அப்பன் நீதானே என்று கேட்டான். ஆமாம் என்றேன். எனக்கு வருத்தமா என்று நீ கேட்டிருந்தாய். நான் சொன்னதைத்தானே எழுதினாய், வருத்தமில்லை.

ஆனால் ஒரு இடம் தப்பு. சூப்பிரண்டைக் கிண்டல் செய்து பாட்டு எழுதியதால் பையனை ஒரு வருஷம் அதிகமாக வைத்தார்கள் என்று வருகிறது. அங்கேதான் ஜனங்கள் கைதட்டினார்கள். நீயும் இத்தனை நாள் அப்படியே நினைத்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது பாட்டால் வந்ததில்லையப்பா. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, பின்னால் சர்க்கார் வேலை கிடைத்தால் ஒரு வருஷம் கூட இருக்கலாமே என்று, எல்லோரையும் போல நானும் வயதைக் குறைத்துக் கொடுத்தேன். சீர்திருத்தப் பள்ளியில் பதினெட்டு முடிந்தால் விட்டுவிடுவார்கள். உனக்கு முடிந்துவிட்டது, சர்டிபிகேட்டில் பதினேழுதான். ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டு என்று அம்மா தினம் சொன்னாள். பொய் வயது கொடுத்ததற்கு என்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பயந்து நான் போகவில்லை. ஊரே செய்கிற காரியம், ஒருத்தரையும் பிடித்ததில்லை, அது அப்போது புத்தியில் ஏறவில்லை. கோர்ட்டில் சொன்னது கோபத்தில் சொன்னது. இது பயத்தில் செய்தது, இதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

படத்தை மாற்ற வேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும். வருகிற ஆவணி சுவாதியில் உனக்கு இருபத்தாறு முடிகிறது, இருபத்தைந்து இல்லை. அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. பெருமாள் உன்னை நன்றாக வைக்கட்டும். பதில் போட மறக்காதே. திட்டி எழுதினாலும் சரி, ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

உன் அப்பா
அ. தாண்டவராயன்