நீ கழற்றி வைத்த கேபிள்

உன்னைக் கொன்றது விதி அல்ல. ஒரு குழி தோண்ட மறுத்த வீடு.

இன்று காலை உக்கடத்தில் நம் அறையைப் பெருக்கும்போது மேசைக்கு அடியிலிருந்து உன் ரப்பர் செருப்பு வந்தது. கருமத்தம்பட்டியில் நாம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன வீட்டு கேட்டுக்கு வெளியே நீ விட்டது. அன்று எடுத்துவந்து கண்ணில் படாமல் தள்ளிவிட்டிருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. அந்த வீட்டு முதலாளிதான்.

"தம்பி, நெட்டு மறுக்கா வரமாட்டேங்குதுங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க கண்ணு."

என்ன மரியாதை, கேட்டாயா? நீ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருக்கு நெட் வரவில்லை.

வீட்டு ஹாலில் மோடம் வைத்த ஒரு கம்ப்யூட்டர். பின்பக்கம் விசைத்தறிக் குடோன் ஆபீசில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே இணைப்பைப் பகிரலாம் என்று சொல்லி, கறுப்புக் கேபிளைக் கொல்லை வழியாக இழுத்தவன் நீ. முதல் நாள் குடோனிலிருந்து மெயில் போனதும் முதலாளி உன் தோளைத் தட்டினார். மறுநாளே புகார். தறி ஓடத் தொடங்கினால் குடோனில் நெட் அறுந்துபோகிறது. தறி நின்றால் வந்துவிடுகிறது.

"நீங்க போட்ட நெட்வொர்க் கார்டு டூப்ளிகேட்டுங்க" என்றான் இன்ஜினியரிங் படிக்கும் மகன்.

"டூப்ளிகேட் கார்டுக்குத் தறி ஓடறது எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாய். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

உனக்கு ஒரு சொல் உண்டு: "மொதல்ல ஒயரைப் பாரு, அப்பறம் ஆளைத் திட்டு." அப்படித்தான் பார்த்தாய். கேபிளின் இரு முனை மூடிகளையும் மாற்றினாய். கார்டுகளை இடம் மாற்றிப் போட்டாய். கடைசியில் டெஸ்டரை எடுத்துக் குடோன் கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியில் வைத்தாய். சிவப்பாக எரிந்தது. பக்கத்துத் தறியில் வைத்தாய். அங்கும் எரிந்தது.

தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த அக்கா சிரித்தார். "தறின்னா கொஞ்சம் கடிக்கத்தானுங்க செய்யும். நாங்க செருப்போட நின்னு ஓட்டறமல்ல? நீங்களும் நின்னுக்கோங்க, சாமி."

அந்தச் சிரிப்பு உன்னை உலுக்கியது. ஒரு குடோன் ஆட்கள் மொத்தமும் ஷாக்கோடு வாழப் பழகியிருந்தார்கள், கொசுக்கடி போல. எர்த் கம்பியைத் தேடிப் போனாய். அது சுவர் வரைக்கும் வந்து, அறுந்து, எதிலும் சேராமல் தொங்கியது. ஏதோ ஒரு தறி மோட்டாரிலிருந்து கசிந்த மின்சாரம் இறங்க மண் இல்லாமல் எல்லா இரும்பிலும் ஏறி நின்றது. கேபிளுக்குள் சுற்றியிருக்கும் கம்பிவலை வழியே வீட்டு ஹால் வரைக்கும் அது போகும் என்று முதலாளியிடம் சொன்னாய்.

"மொதல்ல குழி தோண்டி எர்த் போடுங்க. நெட்டெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க."

எர்த் குழி மீட்டருக்குப் பக்கத்தில் வரவேண்டும்; குடோன் மீட்டர் இருந்தது தென்மேற்கில். "கன்னி மூலைல குழி ஆகாதுங்க கண்ணு, குடும்பத்துக்கே ஆகாது. ஆவணி பொறக்கட்டும், வாஸ்துக்காரரக் கேட்டுப்போட்டு வேற எடம் பாக்கலாம். நீங்க நெட்ட மட்டும் பாருங்க" என்றார்.

நீ நேராகக் குடோனுக்குப் போனாய். குடோன் பக்கத்துக் கேபிளைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, ஆணியில் மாட்டினாய். "எர்த் போடற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாதுங்க" என்று அவரிடமும் மகனிடமும் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த வாரம் அழைத்தார்கள், ஹால் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று. மகனுடைய கல்லூரி நண்பர்கள் அந்த ஹாலில் ஷூவோடு நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். நம் செருப்புக்கு வாசல்படிகூடக் கிடையாது, கேட்டுக்கு வெளியே. ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ வெறுங்காலோடு உள்ளே போனாய், அப்போதுதான் துடைத்த மொசைக் தரையில். நான் குடோனுக்குப் போனேன். ஆணி காலியாக இருந்தது. டேப்பை உரித்துப்போட்டுக் கேபிளை மறுபடி மாட்டியிருந்தார்கள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்தேன். நீ கம்ப்யூட்டருக்குப் பின்னால் கிடந்தாய்.

ஹால் பிளக்கைப் பிடுங்கித் தரையில் வைத்துவிட்டுத்தான் நீ கை வைத்திருந்தாய். பிளக் தரையில் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்; கரண்ட் வந்தது கேபிள் வழியே. ஆனால் உன் அம்மாவிடம் முதலாளி சொன்னது வேறு: "பையன் சுவிச்ச அணைக்காம கைய வெச்சுட்டானுங்க. பாவம், வேல பத்தல." அம்மா அதை நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி. "ஏங்கண்ணு, எம்பையனுக்கு வேல தெரியாதா?" நான் சொல்லும் பதில் போதவில்லை. சிநேகிதன் வேறு எப்படிச் சொல்வான் என்று நினைக்கிறார்.

அதனால் இன்று அந்த வீட்டுக்குப் போனேன். உன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு ஒரு விரல் அளவு பெரிது. கேட்டைத் தாண்டி, படியேறி, அந்த மொசைக் மேல் நடந்தேன். முதலாளி என் காலைப் பார்த்தார்.

"எர்த் போட்டீங்களா?"

"ஆவணி பொறக்கட்டும்னு..."

உன் டெஸ்டரை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய்த் தறியில் வைத்தேன். எரிந்தது. அந்த அக்கா இப்போது சிரிக்கவில்லை. திரும்பி ஹாலுக்கு வந்தேன். மகன் மாடிப்படியில் நின்றான்.

"உங்க நெட்டைப் பாக்க நான் வரலைங்க. அவன் கழட்டி வெச்ச கேபிளை இந்த வீட்டுலதான் மறுபடி மாட்டுனோம்னு, நீங்களும் உங்க பையனும் வந்து அவங்கம்மா முன்னால சொல்லோணும். எப்ப வர்றீங்க?"

மகன் மேலே ஏறிப் போய்விட்டான். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எப்ப வர்றீங்க?"