பாக்கலாமுங்க என்றால் என்ன அர்த்தம்?

ஏனுங்க மாமா,

உங்களைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. கல்யாணக் கூட்டத்தில் ‘ஏனுங்க’ என்றாலும் என் குரலுக்கு நீங்கள் மட்டும்தான் திரும்புவீர்கள். இப்போதும் திரும்புவீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலையை இப்போது நம்ம மகன் வயிற்றுப் பேத்தி நித்யா பார்க்கிறாள். பம்ப்செட் பட்டறைக்காரர்கள் சங்கத்துக்காக அரசாங்கத்தோடு பேசுகிற அதே வேலைதான். நீங்கள் வெள்ளை வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் ரயில் ஏறுவீர்கள். கோட்டையில் பெஞ்சில் காத்திருந்து, அதிகாரியின் சொந்த ஊர் எது, அவர் காபிக்குச் சர்க்கரை உண்டா என்பது வரைக்கும் தெரிந்துகொண்டு வருவீர்கள். திரும்பி வந்து சொல்லும்போது உங்கள் சட்டையில் ரயில் கரி வாசம் அடிக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து டெல்லியோடும் ஐரோப்பாவோடும் பேசுகிறாள். மேலே கோட்டு, கீழே பூப்போட்ட பைஜாமா. பக்கத்தில் நான் அவரைக்காய் நறுக்குகிறேன். குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு உத்தரவு.

அங்கே ஒரு நாட்டில் புதுச் சட்டம் வந்தது. கரண்ட் அதிகம் இழுக்கிற மோட்டார் இனி உள்ளே வரக்கூடாதாம். நம்ம சின்னப் பட்டறைகள் மாறிக்கொள்ள அவகாசம் வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். உங்கள் சிநேகிதர் மகன் மயில்சாமியின் பட்டறையும் அதில் ஒன்று. நித்யா அந்த நாட்டு அதிகாரியிடம் வெகுநேரம் பேசினாள். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பாக்கலாம்னு சொல்லிப்போட்டாங்க, அப்பத்தா.”

முடிந்தது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நம்ம ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று யார் சொல்கிறார்கள்? பிடிக்காத வரன் வந்தாலும் காபி கொடுத்து, ‘பாக்கலாமுங்க’ என்போம். வந்தவர்களும் புரிந்துகொண்டு செருப்பை மாட்டுவார்கள். நீங்களும் கோட்டையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்துவிடுவீர்கள். அதற்கு மேல் கேட்டால் மரியாதை இல்லை என்பீர்கள். அவள் உங்கள் பேத்தி அல்லவா, மறுபடி கேட்கவில்லை. மயில்சாமியிடம் வழியில்லை என்று சொல்லியும்விட்டாள். அவர் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாளில் அந்த அதிகாரியே கூப்பிட்டார். பார்க்கிறோம் என்று சொன்னோமே, பார்ப்பதற்கு மோட்டார் சோதனை விவரத்தை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டாராம். அந்த மனுஷர் பார்க்கலாம் என்றது பார்க்கத்தான்! இவள் அன்றைக்கே அனுப்பினாள். அவகாசம் கிடைத்தது.

மயில்சாமி தேன்மிட்டாயோடு வந்து, “ஏன் கண்ணு, இனி அவிய பாக்கலாம்னா, எப்பங்கன்னு ஒரு வார்த்த கேட்டுப்போடு” என்று அவளைக் கிண்டல் செய்தார். நான் தெரு முழுக்கப் பெருமை பேசியாகிவிட்டது. அந்தத் தப்பை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் மனசு கேட்கவில்லை மாமா. கோட்டையில் உங்களிடம் பார்க்கலாம் என்றவர்களில் ஒருத்தராவது நிஜமாகவே சொல்லியிருப்பாரோ? நீங்கள் எழுந்து வந்த பிறகு வாசலைப் பார்த்திருப்பாரோ?

ஆஸ்பத்திரியில் கடைசியாக, “ஊட்டுக்குப் போலாமா, அம்மணி?” என்று கேட்டீர்கள். “பாக்கலாமுங்க” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்கா அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது?

நித்யாவின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நான் இருக்கிறவரை குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் நானும் அங்கேதான் வரவேண்டும். பாக்கலாமுங்க, மாமா. இதை மட்டும் அந்த வெளிநாட்டுக்காரர் சொன்ன அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கூப்பிட்ட பேரிலேயே,
உங்கள் அம்மணி